ஒயரை மாற்ற ஓர் ஆள்

ஸ்பீக்கர் ஒயர் வாங்க இன்று ஜங்ஷனில் ஒரு ஆடியோ கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சாதா ஒயரோடு, பாம்பு மாதிரி தடியாக இன்னொன்றையும் எடுத்துப் போட்டார். முனையில் தங்க முலாம். விலை என் ஸ்பீக்கரைவிட அதிகம்.

"அம்புக்குறி போட்டிருக்கு பாத்தியளா அண்ணாச்சி. சத்தம் அந்தப் பக்கமாத்தான் போவும்."

"திருப்பி மாட்டுனா பாட்டு கடைசியிலேருந்து பாடுமா வே?" என்றேன். கல்லூரியில் இயற்பியல் வாத்தியார் நான். சும்மா இருக்க முடியவில்லை.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு போங்க. நீங்க கண்ணை மூடி உக்காந்துக்கிடுங்க. வீட்டுல யாரையாவது மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. வித்தியாசம் தெரியலைன்னா திங்கக்கிழமை திருப்பித் தாங்க."

நியாயமான சோதனை. நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். சரி என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுப் பூட்டைத் திறந்து, ஒரு மணி நேரம் நானே ஒயரை மாட்டினேன். நானே ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டேன். எது எந்த ஒயர் என்று முன்கூட்டியே தெரிந்த காது என்னத்தைச் சொல்லும்?

அதனால்தான் பிரவுசிங் சென்டருக்கு வந்து நம் பாட்டு ரசிகர்களின் இமெயில் குழுவுக்கு இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். ஒயரை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

ஆனாலும் காலையிலேயே வந்துவிடுங்கள்.