மாரியை வராதே என்று கும்பிட்ட கதை

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஏன் ஆளைக் காணோம் என்று கேட்டவர்களுக்கு... ஓயாதான் காரணம்.

கலஹாப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிளாக்கர் என்பது உங்களுக்குத் தெரியும். தலைப்பிரசவத்துக்காக மனைவி கண்டியில், தாய் வீட்டில். வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோப்பி ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்ட வண்டிக்காரர் மீரான் நானாவின் மாட்டு வண்டியில் தாவி ஏறினேன். துணைக்கு எங்கள் கருப்பையா கங்காணி.

பாதி வழியில் பிடித்தது மழை. எதிரே ஓர் ஆறு. பாலம் கிடையாது, வண்டி தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். சிங்களத்தில் சிற்றாற்றை 'ஓயா' என்பார்கள். பெயர் வைத்தவன் தமிழனோ என்னவோ, அன்று அது ஓயவே இல்லை!

நானா மாடுகளை அவிழ்த்துவிட்டார்.

"மழ விட்டாத்தான் தண்ணி எறங்கும், கிளாக்கரய்யா. அதுவரைக்கும் ஒண்டும் செய்ய ஏலா."

அக்கரையில் அவள். இக்கரையில் நான். தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்த பெண்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டுதானே? கஷ்டம் வந்தால்தான் சாமி ஞாபகம் வருமா என்று இதே பக்கத்தில் உங்களைக் கிண்டல் செய்தவன் கைகூப்பினேன். கடவுளே, அவளைக் காப்பாற்று! எந்தக் கடவுள்? சத்தியமாகத் தெரியாது. அவரும் கேட்கவில்லை.

அல்லாஹ்விடம் துஆ கேட்டு நானாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கங்காணியோ வானத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினார்.

"மாரியாத்தா! வா தாயீ! ஓடி வந்து எங்க புள்ளயக் காப்பாத்து!"

மழை வலுத்தது. அவரும் விடவில்லை.

"மாரீ! வந்துரு தாயீ!"

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நானா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"கோவிக்க வேணாம் கங்காணி. மாரி எண்டா மழதானே? நீங்க பேர் சொல்லி வா வா எண்டு கூப்பிட்டா, அது வராம என்ன செய்யும்?"

கங்காணி முறைத்தார். யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி மறுபடி கும்பிட்டார்.

"ஆத்தா... நீ வர வேணாம். இருந்த எடத்துல இருந்தே காப்பாத்து."

அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நானாவும் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் என்னால் மூச்சே விட முடிந்தது. சாமி கேட்கிறதோ இல்லையோ, நமக்காகப் பக்கத்தில் இரண்டு பேர் கும்பிட்டால் அதுவே பாதித் தெம்பு!

மழை விட்டது. ஆத்தா கேட்டாளா, அல்லாஹ் கேட்டானா, மேகம்தான் காலியாகிவிட்டதா? தண்ணீர் இறங்கியதும் அவசரமாக மாடுகளைப் பூட்டினோம்.

கண்டி வீட்டு வாசலில் மாமியார் சிரித்தபடி நின்றார். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

என்ன பெயர் வைத்திருப்போம் என்று நினைக்கிறீர்கள்? மாரியேதான். அழத் தொடங்கினால்... ஓயா!