பனங்கட்டையும் மாமாவின் பொய்ப்பல்லும்

போன வெள்ளிக்கிழமை, என் மகளைப் பெண் கேட்டிருக்கும் பெடியன் எங்களைத் தன் காரில் நல்லூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனான். பாதி மின்சாரத்தில் ஓடுகிற ஜப்பான் கார். நான் முன் இருக்கையில் ஏறி, பட்டியை மாட்டி, பழைய பழக்கத்தில் இரண்டு கையாலும் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவனும் என்னைப் பார்த்தபடி காத்திருந்தான்.

"ஸ்ரார்ட் பண்ணுமன் தம்பி."

"ஸ்ரார்ட்டிலைதான் நிக்குது மாமா."

பின்னால் இருந்த என் மனைவி புவனம் களுக்கென்று சிரித்தாள். நான் முன் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகூட இதைவிடக் கொஞ்சம் துடிக்கும். போதாததற்குக் காருக்குள் எலுமிச்சம்பழ வாசம் வேறு. கார் என்றால் மண்ணெண்ணெய் மணக்க வேண்டாமா?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். ஆனால் இந்தக் குடாநாட்டில் நான் காது வைத்துக் கேட்காத எஞ்சின் இல்லை. கேட்டதும் அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியில்லாத ஒன்றைத்தான் இப்போது சொல்லப்போகிறேன், மற்றவற்றைச் சொன்னால் நீங்கள் பொறாமைப்படுவீர்கள்.

சண்டையால் குடாநாட்டுக்கு வருகிற பாதை பூட்டியிருந்த காலம். பெற்றோல் வராது, கார்ச் சாமான் வராது. என்னிடம் வெள்ளைக்காரன் காலத்துக் கிழட்டுக் கார் ஒன்று இருந்தது. அதை வாடகைக்கு, ஹயர் ஓடினேன். வருத்தக்காரனுக்கு மருந்து பருக்குகிற மாதிரிக் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவேன். ஒருநாள் எஞ்சின் உட்கார்ந்திருக்கிற றப்பர்க் கட்டைகள், மவுண்டிங் என்பார்கள், எண்ணெயில் ஊறிக் களியாகி வழிந்துவிட்டன. புதிது எங்கே போய் வாங்குவது? பழைய டயர் வெட்டலாமென்றால், நூல் தெரியும்வரை எல்லாரும் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் எது சரிந்தாலும் பனையைத்தான் முட்டுக்கொடுப்போம். கூரைக்குப் பனை, பங்கருக்கு மேலேயும் பனை. குண்டைத் தாங்குகிற பனை என் எஞ்சினைத் தாங்காதா? வைரம் பாய்ந்த துண்டாகப் பார்த்து, நானே செதுக்கி இறுக்கினேன். என்ன பொருத்தம் தெரியுமா? ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அன்றிலிருந்து கார் அதிரத் தொடங்கியது. கதவுக் கண்ணாடி தானாகக் கீழே இறங்கும். காருக்குள் சுகம் விசாரித்தால் குரல் நடுங்கி, கேட்பவனும் அழுகிற மாதிரி, பதில் சொல்பவனும் அழுகிற மாதிரி. நெல்லியடியில் தயிர்ச் சட்டியோடு ஏறிய ஒரு மனிசி மானிப்பாயில் வெண்ணெயோடு இறங்கி, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனா. நம்பாவிட்டால் விடுங்கள்.

மானிப்பாயில்தான் புவனத்தின் வீடு. நான் அவளைப் பெண் கேட்டிருந்தேன். அவளுடைய அப்பா ரயிலுக்குக் கொடி காட்டுகிற கார்ட்டாக இருந்து இளைப்பாறியவர். சந்தியில் நடப்பதற்கே விசில் ஊதுகிற மாதிரி மனுசன். என்னைச் சோதிக்கவென்று காரில் ஏறினார். ஆனைக்கோட்டைக்கு வருமுன்னரே அவருடைய பொய்ப்பல் தாளம் போடத் தொடங்கிவிட்டது. கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். அங்கேயும் அது கிடுகிடுத்தது.

வீட்டுக்கு வந்து, பல்லைக் கழுவி மாட்டிக்கொண்ட பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, நான் ரயில்லை கிளாசிலை தேத்தண்ணி குடிச்சனான். ஒரு சொட்டுச் சிந்தேல்லை. கந்தோரிலை வேலை செய்யிற பெடியன் ஒருத்தன்ரை சாதகமும் வந்து கிடக்கு. அவர் சைக்கிள்லை வாறவர். சைக்கிளிலை ஒருத்தற்றை பல்லும் ஆடுறேல்லை."

"ஐயா, எஞ்சினிலை சின்ன ஒரு..."

"வாற வெள்ளி நல்லூருக்குப் போவம். என்ரை பல்லு வாய்க்குள்ளை இருக்கத் திரும்பி வந்தால் பொம்பிளை உமக்கு. இல்லாட்டிச் சைக்கிளுக்கு."

நான் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எதைக் கழற்றினாலும் எஞ்சின் ஒரே மாதிரித் தடுமாறியது, ஆக நாலு சிலிண்டரும் வேலை செய்கின்றன. காபரேற்றரைக் கழுவினேன். காற்றாடியைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். சில்லைக்கூடக் கழற்றி உருட்டிப் பார்த்தேன், நிற்கிற காருக்குச் சில்லு என்ன செய்யுமென்று யோசிக்காமல். பனையை மட்டும் சந்தேகிக்கவில்லை. பனையை யார் சந்தேகிப்பார்?

வியாழன் மத்தியானம் புவனம் வீட்டுப் படலைக்கு முன்னால் காரை நிறுத்தி பொனற்றுக்குள் தலையை விட்டிருந்தேன். கார்ட் உள்ளே குறட்டை. தைத்துக்கொண்டிருந்த புவனம் எழும்பி வந்தாள்.

"எஞ்சினுக்குக் கீழை என்ன வைச்சிருக்கிறியள்?"

"பனை. நல்ல வைரம்."

"பனையோ! என்ரை தையல் மெசினும் உப்பிடித்தான் சீமெந்திலை துள்ளினது. அப்பான்ரை பழஞ்செருப்பை வெட்டிக் காலுக்குக் கீழை வைச்சன். துள்ளல் நிண்டிட்டுது."

அந்த யோசனை என் நாக்கு நுனி வரைக்கும் வந்திருந்தது. அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

"இன்னொரு பழஞ்செருப்பு இருக்கோ?"

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே கார்ட்டின் புதுச் செருப்பு. கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த, கையளவு தடித்த றப்பர். கோயிலில் களவு போகாமலிருக்கக் குதிப்பக்கத்தில் சூட்டுக் கம்பியால் தன் ரயில் கொடியைக் கீறியிருந்தார்.

"அது புதுசெல்லோ?" என்றேன்.

"நான் சைக்கிளிலை போகட்டோ?" என்றாள்.

குறட்டை முடியுமுன் செருப்பு மவுண்டிங் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கார்ட் செருப்பைத் தேடினார். அயல்வீட்டு நாயை ஏசினார். "கோயிலுக்குத்தானேயப்பா, வெறுங்காலோடை போனால் புண்ணியம்" என்று புவனம் ஏற்றிவிட்டாள். ஆனைக்கோட்டையில் மெல்ல வாயைத் திறந்து பார்த்தார். பல் இருந்தது. நல்லூரில் கச்சான் கடலை வாங்கி, திரும்பும்போது ஓடுகிற காரிலேயே கடித்தார். எனக்கும் இரண்டு தந்தார். வீட்டில் இறங்கியவர் நேரே உள்ளே போனார். நான் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தேன். பழைய பச்சைக் கொடியோடு வந்து, முற்றத்தில் நின்று என்னைப் பார்த்து ஆட்டினார். அப்படித்தான் எனக்குக் கலியாணம் நிச்சயமானது.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் காரில் எண்ணெய் ஒழுகுதென்று நான் குனிய, மாமாவும் ரோச் லைற் அடித்துக் குனிந்தார்.

"உது என்ரை கொடியெல்லோ?"

புவனம் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

"மகளையும் தந்தன், செருப்பையும் தந்தன். இனி என்னட்டை இருக்கிறது பல்லுத்தான். அதையாவது விட்டுவையும்."

பாதை திறந்து புது வான்கள் வந்தபோது கார் பழைய இரும்புக்குப் போனது, செருப்போடு. கார்ட் மாமாவும் போய்ச் சேர்ந்தார். இப்போது எனக்கும் பொய்ப்பல். போன வெள்ளி நானும் நல்லூரில் கச்சான் வாங்கி, பெடியனின் காரில் திரும்பும் வழியெல்லாம் வேண்டுமென்றே கடித்துப் பார்த்தேன். பல் அசையவேயில்லை.

"எப்பிடி அப்பா கார்?" என்று மகள் கேட்டாள். ஒரு குறையும் சொல்ல வரவில்லை. பெடியனும் நல்ல பெடியன்தான்.

என்னிடம் நல்ல தடித்த செருப்பு ஒரு சோடி இருக்கிறது. அன்று பின்னேரம் அதை வாசலில், மகள் கண்ணில் படுகிற மாதிரிக் கழற்றி வைத்தேன். அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். ஒரு வெட்டும் படாமல் வைத்த இடத்திலேயே கிடந்தது.