வவ்வா பாய் வண்டி நின்ற இடம்

நனைந்து காயாத சாக்கின் வாடையும் அளிந்துபோன அத்திப்பழத்தின் வாடையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும் வவ்வால்கள் தொங்கும் மரத்தடி. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த வாடை பட்டால் போதும், லோடு வேனின் தகரச் சூடு ஜமுக்காளத்தையும் தாண்டி முழங்காலில் ஏற, தம்பியும் நானும் தார்ப்பாய்ச் சுருட்டின்மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி மேற்கு மலையைப் பார்த்துப் போன ஓர் ஐப்பசி மாதப் பிற்பகல் நினைவுக்கு வந்துவிடும்.

நான் திருத்தங்கல்காரி என்று சொன்னதுமே வெளியூர்க்காரர்கள் முகத்தில் ஓர் இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சின்ன வயதில் நீங்களும் பட்டாசு வேலைக்குப் போனீர்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நான் போகவில்லை. போனவர்கள் இருந்தார்கள், கை வெந்தவர்கள் இருந்தார்கள், காலையில் போய் வீடு திரும்பாதவர்களும் இருந்தார்கள். அதை மறைத்துப் பேச நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைப் பருவம் முழுக்கக் கரிமருந்துப் புகைக்குள் அழுதுகொண்டே கழிந்தது என்று யாரோ எழுதி வைத்ததற்கெல்லாம் நான் தலையாட்ட மாட்டேன். நாங்கள் சிரித்தோம், சண்டை போட்டோம், ஊர் சுற்றினோம். மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுக் கொடுத்துவிட்டு இன்று "கேம்பிங்" என்கிறார்களே, அதை எங்கள் அத்தா ஒரு பழைய வேனையும் ஒரு தார்ப்பாயையும் வைத்துக்கொண்டு வருசா வருசம் நடத்திக் காட்டியவர்.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாதான் அத்தா. அவருக்கு அச்சாபீஸ்களிலிருந்து லேபிளும் காலி டப்பாவும் ஏற்றிப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிற தொழில். சீசனில் அவர் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்று நாங்கள் பார்த்ததில்லை. தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளுக்குப் பூட்டு விழும், வேனும் வாசலில் சும்மா நிற்கும். அடுத்த ஆர்டர் வருவதற்குள் அடுப்பு, அரிசி, பாத்திரம், எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார். லாட்ஜில் தங்குகிற பேச்சே கிடையாது. பொழுது சாய்கிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, தார்ப்பாயைக் கட்டினால் அதுதான் வீடு. அத்தாவின் அக்கா, எங்கள் மாமி, ஒவ்வொரு வருசமும் கிளம்புகிற நேரம் பார்த்து வந்து நிற்பார். "வயசுக்கு வரப்போற புள்ளையக் கூட்டிக்கிட்டு ரோட்டோரம் படுக்கப் போறீகளே, நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?" என்பார். அம்மா அடுப்பைத் துடைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டே, "அந்த நாலு பேரும் வந்தா ஆளுக்கு ஒரு பாய் குடுக்கேன் மச்சி, அவுகளும் படுத்துக்கிரட்டும்" என்பார். அத்தோடு அந்த வருசத்துப் பேச்சு முடிந்துவிடும்.

தங்குகிற இடத்தில் இறங்கியதும் அத்தா முதலில் செய்கிற காரியத்துக்கு எங்கள் வீட்டில் "எடம் தெளிக்கிறது" என்று பெயர். வாசல் தெளிப்பது போல என்று நினைத்துவிட வேண்டாம். சீசன் முடிவில் கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற பட்டாசுப் பெட்டி ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கும். அதிலிருந்து ஒரு சரத்தை எடுத்துப் புதருக்குள் போட்டுப் பற்றவைப்பார். பாம்பு, பன்றி, நரி என்று என்ன கிடந்தாலும் ஓடிவிடும் என்று கணக்கு. எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோருமே இதைச் செய்தார்கள். வேறு ஊர்க்காரன் கம்பை எடுத்துத் தட்டிப் பார்க்கிற இடத்தில் நாங்கள் சரத்தைக் கொளுத்தினோம், அவ்வளவுதான். அது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

அந்த வருசம் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, மலையை ஒட்டிய ஒரு கண்மாய்க் கரையில் வண்டி நின்றது. மழை பெய்து கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையில் யானை நிற்பது போல ஒரு மருதமரம். வெயில் இன்னும் இறங்கவில்லை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, ஏதோ நாறுது" என்றார். "கண்மாய்ச் சகதிதான்" என்று சொல்லிக்கொண்டே அத்தா சரத்தைக் கொளுத்திவிட்டார். யாரும் தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை.

சரம் பாதி வெடிப்பதற்குள் மரம் அப்படியே பிய்ந்துகொண்டு மேலே போவது போல இருந்தது. இலைகள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி வவ்வால்கள். கோழியளவு உடம்பும் குடைத்துணி போன்ற றெக்கையுமாக அவை கத்திக்கொண்டு கிளம்பியதில் வெளிச்சமே மங்கியது. தம்பி வண்டிக்கடியில் போய்ப் புகுந்துகொண்டான். நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். பயத்தை விட ஆச்சரியம்தான் அதிகம் என்பதை இப்போதும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

வயலிலும் வீட்டிலும் இருந்த சனம் கரைக்கு ஓடி வந்தது. முதலில் வந்தவர் ஒரு நடுத்தர வயது ஆள். கையில் மண்வெட்டி இருந்தது. "யாரைக் கேட்டு வெடி போட்டீக? வண்டிய எடுத்துட்டு மொதல்ல எடத்தைக் காலி பண்ணுங்க" என்றார். அம்மா எங்கள் இருவரையும் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த ஆளுக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க வந்த ஒரு பெண், அம்மா வயதுதான் இருக்கும், "சும்மா இருங்க கொழுந்தனாரே, புள்ளைக பயப்படுது" என்று அவரை அமர்த்திவிட்டு அத்தாவிடம், "எந்தூருண்ணே?" என்று கேட்டார். அத்தா சொன்னதும் அவருக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தன. "நான் எம். புதுப்பட்டிக்கு வெடிக் கம்பெனி வேலைக்குப் போறவ. இந்தச் சரத்தைப் பின்னுனதே நானா இருந்தாலும் இருக்கும்" என்றார்.

அவர் பெயர் செல்லத்தாய். அந்த ஊரில் பாதிப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறித் தினமும் வெடி செய்யப் போகிறவர்கள். ஆனால் ஊருக்குள் தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புக்கூடக் கொளுத்துவதில்லை. அந்த மரத்து வவ்வால்களுக்கு ஊரே சேர்ந்து எப்போதோ கொடுத்த வாக்கு. "ஒருக்க ஆரோ கல்யாணத்துல வேட்டுப் போட்டு, அம்புட்டும் போயிருச்சு. வருசக்கணக்கா மரம் மொட்டையா கெடந்துச்சு. நான் வாக்கப்பட்டு வந்த பெறகுதான் திரும்பி வந்துச்சுக" என்றார் செல்லத்தாய். இப்போது கிளம்பியவை இரவெல்லாம் இரை தேடிவிட்டு விடியற்காலையில் இங்கே திரும்பினால் பிழைத்தோம், இல்லாவிட்டால் மறுபடியும் மொட்டை மரம்தான். கரையில் நின்றவர்கள் அத்தனை பேர் முகத்திலும் அந்தக் கவலை தெரிந்தது.

அத்தா காலியான மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மண்வெட்டிக்காரரைப் பார்த்து, "போகச் சொன்னீக. நான் போக மாட்டேன்" என்றார். அவர் முறைத்தார். "கலைச்சது நான். அதுக வந்து அடையிறதைப் பாக்காம வண்டிய எடுத்தேன்னா எனக்கு அருவித் தண்ணி குளிராது. அடிக்கிறதுன்னா அடிச்சுக்கங்க, நான் இங்கனதான் கெடப்பேன்." அத்தா அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஆள் மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு, "கெடங்க, ஆனா அந்தப் பக்கமாப் போயிக் கெடங்க" என்று தள்ளி நின்ற ஒரு புளியமரத்தைக் காட்டினார்.

தார்ப்பாய் அங்கே கட்டப்பட்டது. வேலிக் கருவேல முள்ளில் ஒரு வவ்வால் றெக்கை மாட்டிக் கிடந்ததைத் தம்பிதான் பார்த்தான். கிட்டத்தில் அதன் முகம் நரிக்குட்டியின் முகமாகவே இருந்தது. கண் இரண்டும் எங்களையே பார்த்தன. "கைய வச்சிராதலே, கடிச்சுரும்" என்று தம்பியை நிறுத்திவிட்டு, செல்லத்தாய் முள்ளை ஒவ்வொன்றாக ஒடித்து எடுத்தார், ஒரு நீளக் கம்பை அதன் காலருகே கொடுத்தார். அது கம்பைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. தரையில் விட்டால் அதனால் எழும்ப முடியாதாம். அப்படியே மருதமரத்துக்கு எடுத்துப்போய்ச் சாய்த்து வைத்தார். அது தட்டுத்தடுமாறி மேலே ஏறிப்போய் ஒரு கிளையில் தொங்கியது. அவ்வளவு பெரிய மரத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

பொழுது இறங்கியதும் அம்மா அடுப்பை மூட்டப் போனார், செல்லத்தாய் விடவில்லை. சட்டியோடு சோறும் குழம்பும் கொண்டு வந்து வைத்து, "நாங்க அறுத்த கறி ஒங்களுக்கு ஆகாதுல்ல, அதான் கருவாடு போட்டேன்" என்றார். அம்மா பதிலுக்கு முட்டைப் பணியார டப்பாவைத் திறந்து வைத்தார். எங்களை விரட்ட வந்த ஆள் பணியாரத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு, "வவ்வா வரலைன்னா ஒங்களை விடுறதா இல்லை" என்றார். இந்த முறை சிரித்தார்.

சரம் கொளுத்தாத இடத்தில் நாங்கள் படுத்த முதல் இரவு அது. விடிகிற நேரம் எழுந்து பார்த்தால், காட்டுப்பன்றி வந்து பானையை உருட்டி மிச்சச் சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. யாரும் சாகவில்லை. புளியமரத்து மேலே ஒரு நரை அணில், பூனையளவு உடம்பும் அதைவிட நீளமான வாலுமாக, எங்கள் தார்ப்பாய் மேல் புளியங்கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தது.

அதற்குள்ளாகவே கரையில் ஊர் கூடிவிட்டது. கிழக்கு வெளுத்தது. மலைப்பக்கமிருந்து இரண்டு மூன்று வந்தன, மரத்தைச் சுற்றின, போய்விட்டன. அத்தா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கூட்டம் வந்தது. முதலில் வந்தது, நாங்கள் முள்ளிலிருந்து எடுத்துவிட்ட வவ்வாலுக்குப் பக்கத்துக் கிளையில் அடைந்தது. அதன் பின்னால் வந்துகொண்டே இருந்தன. முந்தின நாள் இருந்த அளவு இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள், ஆனாலும் மரம் மறுபடி கறுத்தது. அத்தா அழுதார். ஆம்பளை அழுவதை அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவர் கூச்சப்படவே இல்லை.

குற்றாலத்துக்கு அன்று போனோம், குளித்தோம், அது பெரிய விஷயமில்லை. திரும்பி வந்தபின் டீக்கடையில் அத்தா மற்ற வண்டிக்காரர்களிடம் இனிமேல் யாரும் எடம் தெளிக்கக் கூடாது, முதலில் மேலே பாருங்கள் என்று சொல்லப்போய், அவர்கள் கைகொட்டிச் சிரித்து "வவ்வா பாய்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை "வவ்வா பாய் மக" என்றார்கள். நான் வீட்டில் வந்து அழுதபோது அத்தா நேராக ஒரு அச்சாபீஸுக்குப் போய், மீந்த லேபிள் தாளில் அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்து வாங்கி, வேனின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். வண்டி விற்கும்வரை அது அங்கேயே இருந்தது. அதன்பிறகு அப்படிக் கூப்பிட்டால் நான் நின்று திரும்பிப் பார்த்து, "என்ன?" என்று கேட்கப் பழகினேன்.

அத்தா இப்போது இல்லை. போன தீபாவளிக்கு முதல்நாள் அந்த வழியாகப் போனபோது கண்மாயை வைத்துத்தான் இடத்தை அடையாளம் கண்டேன். சாலை அகலமாகிவிட்டது, மருதமரம் நின்ற இடத்தில் தாரும் வெள்ளைக்கோடும் இருந்தன. வவ்வால்களும் இல்லை, வண்டியை ஓரங்கட்ட ஓர் அடி மண்ணும் இல்லை. ஊருக்குள் கேட்டுப் போனால் செல்லத்தாய் இருந்தார், முழங்கால் தேய்ந்து கம்பெனி வேலையை விட்டிருந்தார். அத்தா பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றுவட்டாரமெல்லாம் வெடி அதிர்ந்துகொண்டிருக்க, அந்தத் தெருவில் மட்டும் கோழி கிளறுகிற சத்தம் கேட்டது. வாசலில் ஒரு கம்பெனிக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போன பட்டாசுப் பெட்டிகள், பிரிக்காமல் அடுக்கி இருந்தன. மரமும் போய்விட்டது, வவ்வாலும் போய்விட்டது, இனி பிள்ளைகள் வெடிக்கட்டுமே என்று அந்தக் கம்பெனிக்காரர் சொல்லிப் பார்த்தாராம்.

"நீங்க என்ன சொன்னீக?" என்று கேட்டேன்.

செல்லத்தாய் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வவ்வாதான் மரத்துல தொங்குச்சு. நாங்க குடுத்த சொல்லுமா அதுல தொங்குச்சு?"