செவிட்டு சிஸ்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று எல்லோருக்கும் முந்திச் சிரித்தவள் நான்தான்.

நர்சிங் முதலாமாண்டு. கட்டிலில் வகுப்புத் தோழி ஒருத்தி படுத்திருந்தாள். என் பக்கத்து பெஞ்சுக்காரி அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, வியர்த்து வழிந்து, கடைசியில் "துடிப்பே கேக்கல மேடம்" என்றாள். ஸ்டெதாஸ்கோப்பின் தலைக்கு இரண்டு பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். அவள் வைத்திருந்தது மூடிய பக்கம். திருப்பிவிட்டால் தீர்ந்தது. பாடம் எடுத்த டியூட்டரம்மா அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அப்போ நான் பொணத்தையா படுக்க வச்சிருக்கேன், செவிட்டு சிஸ்டர்?" என்றார்.

பெயர் ஒட்டிக்கொண்டது. கேண்டீன்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவள் அழவில்லை, பல்லைக் கடித்தாள். அடுத்த ஆறு மாதம் அகப்பட்ட நெஞ்சையெல்லாம் கேட்டாள்: மத்தியானம் குறட்டை விடும் அப்பா, அசையாதே என்றால் நெளியும் தம்பி, வகுப்பில் நான். விலா எலும்புகளை விரலால் எண்ணிக்கொண்டே இறங்குவாள். லப், டப். லப், டப்.

"அந்தம்மா வாய அடைக்கணும்டி" என்பாள்.

செய்முறைத் தேர்வன்று நோயாளியாகப் படுக்க வேண்டியவளுக்குக் காய்ச்சல். வெளியிலிருந்து வந்த தேர்வாளரம்மாவுக்கோ அவசரம். டியூட்டரே கட்டிலில் ஏறிப் படுத்தார். வரிசையில் அவளுக்கு அடுத்தது நான் என்பதால் கட்டிலைச் சுற்றிய திரை இடுக்கில் எல்லாம் தெரிந்தது.

அவள் ஸ்டெதாஸ்கோப்பின் தலையைத் திருப்பி, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு வைத்தாள். இடது மார்புக்குக் கீழே வந்ததும் கை நின்றது.

"என்ன, இன்னிக்கும் துடிக்கலையா?" என்றார் டியூட்டர்.

"துடிக்குது மேடம். ஆனா லப்புக்கும் டப்புக்கும் நடுவுல உஸ்ஸுனு ஒரு சத்தம் வருது." அறை முழுக்கக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

"உளறாத."

தேர்வாளரம்மா தானே குனிந்து வெகுநேரம் கேட்டார். "சரியாத்தான் சொல்றா. வால்வு கசியுது போலிருக்கு. கடைசியா எப்ப செக் பண்ணிக்கிட்டீங்க?"

இருபது வருடம் ஊருக்கெல்லாம் நெஞ்சைக் கேட்கச் சொல்லித் தந்த டியூட்டர், தன் நெஞ்சை ஒருவரிடமும் காட்டியதில்லை. தேர்வாளரம்மா மதிப்பெண் போடத் திரும்பியதும் டியூட்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ கேட்டுச் சொல்லேன்மா."

ஆறு மாதமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததை அவள் சொல்லிவிட்டாள்.

"செவிட்டு சிஸ்டருக்கு என்ன மேடம் கேக்கும்?"

கையை உருவிக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தாள். "அடுத்து நீதான், போ" என்றாள் என்னிடம்.

கட்டிலில் அவர் இன்னும் படுத்திருந்தார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.