பாத்துக்கறேன்

ஃபிடெல்மா கியோ யார் என்று எங்கள் பாலிடெரக் விமான சங்கத்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஊர் ஊராக நூலக வேன் ஓட்டுகிறவள் என்பார்கள். சனி, ஞாயிறில் பறக்கக் கற்றுத்தருகிறவள் என்பார்கள். தன் தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு, மற்றவர்களை எடை மெஷினில் ஏற்றி முகம் சுளிக்கிறவள் என்று நான் சொல்வேன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், அதனால் எனக்கு அந்த உரிமை உண்டு.

என் பெயர் ஃபிண்டன். சங்கத்தின் ஒரே விமானத்துக்கு எண்ணெய் மாற்றுவது, ஓடுபாதைப் புல்லை வெட்டுவது, மரக்குடிலில் உட்கார்ந்து ரேடியோவில் பேசுவது, இவை என் வேலைகள். மூன்றாவதைக் கொஞ்சம் தாராளமாகவே செய்கிறேன் என்று எல்லோருக்கும் மனக்குறை.

மழை பெய்து பறக்க முடியாத ஞாயிறுகளில், அதாவது பெரும்பாலான ஞாயிறுகளில், ஃபிடெல்மா ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள். உள்ளே காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு பயிற்சி விமானம் விழுந்த காரணம் அவள் கையெழுத்தில் இருக்கும். ஆளுக்கு ஒன்றை எடுத்துப் படித்து, அந்த இடத்தில் நாம் என்ன செய்திருப்போம் என்று சொல்ல வேண்டும். ‘பெட்ரோல் முள்ளை நம்பினார், டாங்கில் குச்சி விட்டுப் பார்க்கவில்லை.’ ‘ஈரமான, இதமான நாள். எஞ்சின் மூச்சிழுக்கும் வழியில் பனி கட்டியது. சூடான காற்றைத் திறக்க மறந்தார்.’ ‘இறங்கத் திரும்பும்போது வேகம் குறைந்தது. ஒரு பக்கமாகச் சரிந்தது.’ ‘குதித்த விமானத்தை மூக்கை அழுத்தி அடக்கப் பார்த்தார்.’ கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நான் பறப்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

எந்தத் துண்டிலும் பெயர் இருக்காது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“பேரு போட்டா, அவன் மடையன், நான் அப்படி இல்லன்னு தோணிடும். பேரு இல்லன்னா அது நீயாவும் இருக்கலாம்ல?” என்றாள்.

இப்படிப்பட்டவள்தான் ஒரு விஷயத்தில் மட்டும் கை தளரவிட்டாள். பயிற்சி விமானத்தில் இரண்டு பேர் முன்னும் ஆளுக்கொரு கைப்பிடி உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஆகவே எந்த நேரத்தில் யார் ஓட்டுகிறார் என்பதில் சந்தேகமே இருக்கக்கூடாது. ‘கட்டுப்பாடு என்னிடம்’ என்று வாத்தியார் சொல்ல வேண்டும், ‘கட்டுப்பாடு உங்களிடம்’ என்று மாணவர் திருப்பிச் சொன்ன பிறகே கையை எடுக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் இவ்வளவு நீளமாகப் பேசினால் ஏதோ சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அதனால் அது வருஷக் கணக்கில் தேய்ந்து தேய்ந்து ஒரே வார்த்தை ஆகிவிட்டது: “பாத்துக்கறேன்.” அவள் அதைச் சொன்னால் மாணவர் கையை விடுவார், அவ்வளவுதான். கொதிக்கும் கெட்டிலைக் கை மாற்றுவதற்குக்கூட நாங்கள் அதையே சொல்ல ஆரம்பித்திருந்தோம்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. காற்று இல்லை, வெயில் லேசாக. ஃபிடெல்மாவின் மாணவர் மாலகி டுவயர், அறுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். அன்று ஆறாவது முறையாக இறங்க வந்துகொண்டிருந்தார்கள். வேலி உயரத்துக்கு வந்தது விமானம். நேராக வந்தது, அழகாக வந்தது. பிறகு ஓட்டுவார் யாரும் இல்லாதது போல மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு புல்லில் முட்டியது, எம்பியது, மறுபடி முட்டியது. மூன்றாவது முறை மூக்குச் சக்கரம் ஒடிந்து, புரொப்பெல்லர் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது.

நான் ஓடிப்போனபோது இருவரும் இறங்கி நின்றிருந்தார்கள். மாலகிக்குப் புருவத்தில் ரத்தம். ஃபிடெல்மாவுக்குக் கீறல்கூட இல்லை.

“ஏன் கைய விட்டீங்க டாக்டர்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ பாத்துக்கறேன்னு சொன்னியேம்மா.”

“நான் சொல்லலியே.”

“சொன்னே. என் காதுல விழுந்துச்சு.”

“டாக்டர், நான் வாயத் திறக்கவே இல்ல.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபமே இல்லை. ஒரே வீட்டு எண்ணில் இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்ட தபால்காரர்கள் போல விழித்தார்கள்.

டப்ளினிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார், மரியாதையான மனிதர். எஞ்சினைப் பார்த்தார், பெட்ரோலைப் பார்த்தார், கம்பிகளை இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மூன்று வாரத்துக்குள் ஆளுக்கு ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பச் சொன்னார். கிளம்பும்போது என்னிடம், “அந்த நேரத்துல ரேடியோல ஏதாவது பேசினீங்களா?” என்று கேட்டார்.

“வழக்கமான பேச்சுதான் சார்” என்றேன்.

பொய் இல்லை. என் வழக்கம் அப்படி.

மாலகி நல்ல மனிதர். ஃபிடெல்மா பெயர் கெட வேண்டாம் என்று, “நான்தான் தப்பாக் கேட்டிருப்பேன், வயசாயிடுச்சுல்ல” என்று எழுதித்தர வந்தார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் காதில் விழுந்ததாகச் சொன்னது பொய் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. “பசு கன்னு போடறப்ப பாதி ராத்திரி வரைக்கும் பிடிச்ச பிடி விடாத மனுஷன், ஃபிண்டன், அவரு. சும்மா கைய விடுவாரா?” என்றாள் என்னிடம்.

அப்படியானால் அவள் சொல்லியிருக்கிறாள். சொன்னது அவளுக்கே நினைவில்லை. இதுதான் அவளைத் தின்றது. எனக்கு அது புரிய இரண்டு வாரம் ஆயிற்று, அவ்வளவு மந்தம் நான். அவள் அம்மாவுக்கு மறதி தொடங்கியபோது வயது நாற்பத்தெட்டு. இப்போது முதியோர் இல்லத்தில் ஃபிடெல்மாவைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு, “உன் பொண்ணு எப்படி இருக்கா?” என்று கேட்கிறார். ஃபிடெல்மாவுக்கு இந்த நவம்பரில் நாற்பத்தேழு.

அவள் நூலக வேனை ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டுவதை நிறுத்தினாள். தேநீரில் சர்க்கரை போட்டுவிட்டோமா இல்லையா என்று கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள். டல்லமோரில் நரம்பு டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன் என்று ஒருநாள் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அதுக்கு முந்தி வாக்குமூலத்துல எழுதிடறேன். நான் சொல்லித்தான் அவரு விட்டாரு, எனக்கு ஞாபகம் இல்ல, இனி கத்துக்குடுக்க மாட்டேன்னு.”

“இப்ப எழுதாத” என்றேன். ஏன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை, சத்தியமாக. மனதின் ஒரு மூலையில் ஏதோ உறுத்தியது. அதன் மேல் நான் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

கடைசியாக ஒரு தடவை நடித்துப் பார்த்துவிடலாம் என்று சொன்னவர் மாலகிதான். விமானக் கொட்டகையில் இரண்டு நாற்காலிகளை அருகருகே போட்டார்கள். ஒரு துடைப்பத்தைக் குறுக்கே வைத்து அதையே கைப்பிடி என்று வைத்துக்கொண்டார்கள். மாலகி பிடித்துக்கொண்டார், அவள் வழக்கம்போல விரல்களைப் படாமல் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் பத்தடி தள்ளி நின்று ரேடியோவில் அன்று சொன்னதைச் சொல்ல வேண்டும்.

முதல் முறை: காற்று இல்லை, ஓடுபாதை காலி என்றேன். இறங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது முறையும் அதே. மாலகி கண்ணை மூடிக்கொண்டு, “இல்ல, இந்த இடத்துலதான் சொன்னா, வேலி தாண்டினதும்” என்றார். அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொல்றீங்க டாக்டர். எனக்கு அந்த இடமே இருட்டா இருக்கு.”

அந்த ‘இருட்டா இருக்கு’ என்னைத் தாக்கியது. சாக்கு விலகியது. அன்று நான் இன்னொன்றும் சொல்லியிருந்தேன்.

மூன்றாவது முறை அவர்கள் வேலியைத் தாண்டியதும் சொன்னேன். “ஃபிடெல்மா, ப்ரோஃபி பண்ணைக் கிடேரி ஒண்ணு வேலியோரம் நின்னு டாக்டரத்தான் தேடுது. கொஞ்சம் பாத்துக்கோ.”

அவள் திரும்பக்கூட இல்லை. என் வெட்டிப் பேச்சுக்கு இருபது வருஷமாகப் பதில் சொல்லும் அதே சலிப்போடு, தனக்கே கேட்காத குரலில், “ம், பாத்துக்கறேன்” என்றாள்.

மாலகி கையை விட்டார். துடைப்பம் சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது.

யாரும் அதை எடுக்கவில்லை.

“ரேடியோல இவரு பேசினது எனக்கு விழவே இல்லியே” என்றார் மாலகி மெதுவாக. “தரை கிட்ட வந்துட்டா எனக்கு உன் குரல் மட்டும்தான் கேக்கும்.” அவருக்கு அவள் சொன்னது கேட்டது, நான் சொன்னது கேட்கவில்லை. அவளுக்கு இரண்டுமே மழைச் சத்தம் மாதிரி, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். நடுவில் என் பேச்சு ஒன்று இருந்தது தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் மூடினேன்.

ஃபிடெல்மா என்னைப் பார்த்தாள். “அன்னிக்கு இதச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“கிடேரி ஓடுபாதைல இருந்துச்சா?”

“இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம். சும்மா தமாஷுக்குச் சொன்னேன்.”

“அந்த அதிகாரி கேட்டப்ப?”

“வழக்கமான பேச்சுன்னு சொன்னேன்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நாற்காலியிலேயே குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மாலகி கன்றைத் தடவுகிற மாதிரி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சேன்டா” என்றாள் கைகளுக்குள்ளிருந்து. “மூணு வாரம். தினம் காலைல எழுந்ததும் என் பேரு, எங்கம்மா பேரு, வேன் நம்பர், எல்லாத்தையும் சொல்லிப் பாப்பேன்டா.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது அதுவும் வெட்டிப் பேச்சு மாதிரியே ஒலித்தது. அவளுக்கு முன்னாலேயே அதிகாரிக்கு ஃபோன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “நன்றி, இது உதவும்” என்றார். அதற்கு நான் திட்டே வாங்கியிருக்கலாம்.

இன்றும் எனக்குக் குழப்பம்தான். தமாஷ் பேசாமல் இருந்திருந்தால் விழுந்திருக்காது. நீளமான வாசகத்தை அவள் தேய விடாமல் இருந்திருந்தால் நான் எவ்வளவு பேசியிருந்தாலும் விழுந்திருக்காது. படுக்கையில் ஒரு பக்கம் திரும்பினால் நான் குற்றவாளி, மறுபக்கம் திரும்பினால் பாதிக் குற்றவாளி.

அடுத்த மழை ஞாயிறில் அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு வெற்றுத் துண்டை என் முன் தள்ளினாள். “நீ எழுது.”

‘தவறான நேரத்தில் ஒரு வார்த்தை’ என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கே அது நன்றாகத்தான் இருந்தது. அவள் படித்துவிட்டு இரண்டாகக் கிழித்தாள்.

“யாரோட வார்த்தைன்னு எழுது.”

“உன் டப்பால பேரு போடற வழக்கம் இல்லியே?”

“இதுல போடணும்.”

இன்னொரு துண்டை எடுத்து என் பெயரை எழுதினேன். அவள் பேனாவை வாங்கி, அதன் கீழே தன் பெயரை எழுதி, டப்பாவில் போட்டு மூடினாள். கெட்டில் கொதித்தது. மாலகி அதைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினார்.

“கட்டுப்பாடு என்கிட்ட” என்றாள்.

“கட்டுப்பாடு உன்கிட்ட” என்று சொன்ன பிறகே அவர் விட்டார்.