பஞ்சலிங்கம் குறி

டொக்டர் பஞ்சலிங்கம் செத்தவர்களின் மூளையை ஊறுகாய்ப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார் என்று அளவெட்டித் தவில்காரர் ஒருவர் சொன்னதாக மருதனார்மடம் சந்தையில் பேச்சு. அதைக் கேட்டு வந்து வீட்டில் சொன்னது அவர் மனைவி கமலாவதி. டொக்டர் அப்போது கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் மூளையை உப்பிலை போடுறியளாம். தேசிக்காய்ப் புளியும் விடுறதாய்க் கதை."

"என்ரை பேரைச் சொல்லியோ கதைச்சவை?"

"சொல்லாமல்? பட்டத்தோடை முழுப் பேரும் சொல்லித்தான்."

டொக்டரின் முகம் மலர்ந்தது. முடிச்சை இன்னும் ஒருதரம் இறுக்கினார்.

போத்தலில் இருந்தது உண்மையிலேயே தேசிக்காய் ஊறுகாய். அவருடைய பரிசோதனை அறை ஜன்னலில்தான் வெயில் நன்றாக விழும் என்று கமலாவதி அங்கே கொண்டுபோய் வைத்தது. நோயாளிகள் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாக எழுந்து நிற்பார்கள். டொக்டர் மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை.

சித்திரை வெயிலில் தார் உருகும்போதும் அந்தக் கழுத்துப்பட்டி கழுத்தை விட்டு இறங்காது. வெளியூரிலிருந்து தொலைபேசி அழைப்பு வருமென்று தெரிந்தால் வெறும் மேலைத் துடைத்து, சட்டை போட்டு, பட்டி கட்டிக்கொண்டுதான் பக்கத்தில் உட்காருவார். கம்பி வழியாக லண்டன் தன்னைப் பார்த்துவிடும் என்ற பயம். முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியல் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தைக் கவனிக்கும் நேரம் பார்த்து மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார். கால் துள்ளினால், நரம்பில் பழுதில்லை என்ற ஏமாற்றத்தோடு சோற்றுக்குத் திரும்புவார்.

பொய் சொல்லக்கூடாது, பாரிசவாதத்தில் விழுந்தவர்களை எழுப்புவதில் ஆள் கெட்டிக்காரர். கை விழுந்த மீனவர்களிடம் வலையைக் கொடுத்து முடிச்சுப் போட வைத்தார். தோட்டக்காரரை வெங்காயம் ஆய வைத்தார். படுக்கையோடு கிடந்தவர்கள் சந்நிதி கோயிலுக்கு நடந்துபோய்க் கற்பூரம் கொளுத்தினார்கள். முருகனுக்குத்தான் நன்றி போயிற்று. அது டொக்டருக்குச் சுட்டது. உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பதற்குக்கூட யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பெயர் இருக்கிறது. வலை முடிச்சுக்கு யார் பெயர் வைக்கப்போகிறார்கள்?

ஆகவே முதுமை மறதியைப் பிடித்தார். ஊரில் அதற்கு 'அறளை பெயர்தல்' என்று பெயர். லண்டனில் கேட்கும் கேள்விகளைத் தமிழாக்கி, வீடு வீடாகப் போய்க் கிழடுகளைக் கேட்டார். "இப்ப என்ன பருவகாலம்?" என்றால், "வெங்காயம் நடுற காலம்" என்றார்கள். பிழை. "பிரதமர் ஆர்?" என்றால், "ஆர் வந்தால் எங்களுக்கென்ன தம்பி?" என்றார்கள். அதுவும் மறதிக் கணக்கில் போயிற்று.

இந்தக் குப்பையில்தான் அவருக்கு மாணிக்கம் கிடைத்தது. ஆண்கள் மனைவி பெயரைப் பளிச்சென்று சொன்னார்கள். பெண்களில் ஒருத்திக்கும் கணவன் பெயர் வரவில்லை! சந்தையில் நாலு பேரோடு ஒரே நேரத்தில் பேரம் பேசி நாலு பேரையும் வெல்லும் கத்தரிக்காய்க்கார இரத்தினம்மாகூட, அந்தக் கேள்விக்கு வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். "அவர்தான்... எங்கடை சந்நிதியான்ரை பேர்" என்று இழுத்தாள். நோயாளி விடுபட்ட சொல்லைக் கடவுளை வைத்து நிரப்புகிறாள் என்று டொக்டர் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டார். வடபகுதிப் பெண்களின் மூளையில் கணவன் பெயர் தங்கும் இடம்தான் முதலில் அழிகிறது! அந்த நோய்க்குறிக்கு 'பஞ்சலிங்கம் குறி' என்று தாமே பெயர் வைத்தார்.

லண்டன் பேராசிரியர் ஒருவர் அதைத் தம் பெரிய புத்தகத்தில் சேர்க்க ஒப்புக்கொண்டார். எழுபத்துநான்காம் ஆண்டு அவர் கொழும்பில் ஒரு மகாநாட்டுக்கு வந்திருந்தார். வியாழன் பின்னேரம் ட்ரங்க் கோல் எடுப்பார். டொக்டர் 'ஓம்' என்றால் அச்சேறும். அதன் பிறகு உலகத்து வைத்திய மாணவரெல்லாம் அந்தப் பெயரைப் பாடமாக்க வேண்டியதுதான்.

அந்த வியாழன் காலை தொண்டைமானாற்றிலிருந்து கதிரவேலர் என்ற கடற்றொழிலாளி மனைவி நல்லம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார். பாரிசவாதத்தில் வலக்கை விழுந்தவள். பேச்சு மட்டும் திரும்பியிருந்தது.

"ஐயா, கை கிடக்கட்டும். மனுசிக்கு அறளை பேந்திட்டுது. அதை முதல் பாருங்கோ."

டொக்டர் தொடங்கினார். என்ன மாதம்? தெரியவில்லை. பிள்ளைகள் எத்தனை? சிரித்தாள். புருசன்ரை பேர்?

"கதிரவேலு!" அறை அதிர்ந்தது. "எடேய் கதிரவேலு, கழுத்திலை கயித்தைக் கட்டிக்கொண்டு நிக்கிற உவனாரடா? அவிட்டுவிடடா, மேயட்டும்."

கதிரவேலர் தலையைக் குனிந்தார். டொக்டருக்கோ பிடிபடாத சந்தோசம். "வெரி குட்! பேர் டக்கெண்டு வருது. மாதம் கிடக்கட்டும், இவவுக்கு அறளையும் இல்லை, ஒண்டும் இல்லை."

"பேர் சொல்லுறாளே ஐயா! அதுதானே வருத்தம்!"

டொக்டரின் பேனா நின்றது.

"கலியாணம் முடிச்ச நாள் தொட்டு 'இஞ்சாருங்கோ' எண்டதைத் தவிர வேறை கூப்பிட்டு அறியாள். வள்ளம் கவிண்டு நான் செத்திட்டன் எண்டு கதை வந்தநேரமும், 'இஞ்சாருங்கோ' எண்டுதான் கடலைப் பாத்துக் குளறினவளாம். இப்ப ஒழுங்கையிலை நிண்டு 'எடேய்' எண்டுறாள். சனம் சிரிக்குது." குரல் தணிந்தது. "என்ரை ஆத்தை போனாப்பிறகு என்னை உப்பிடிக் கூப்பிட ஆளில்லை, ஐயா. கேக்க ஒருமாதிரி நல்லாயும் கிடக்குது. ஆனால் உது என்ரை மனுசி இல்லை."

டொக்டர் அளவெட்டியில் பிறந்தவர். அவருடைய தாய் தகப்பனைக் கூப்பிட்டதும் 'இஞ்சாருங்கோ' என்றுதான். லண்டன் கேள்வியைத் தமிழாக்கும்போது அது எங்கே போய் ஒளிந்ததோ! ஊரிலே புத்தி தெளிந்த அத்தனை பெண்களையும் நோயாளி ஆக்கி, உண்மையாகவே புத்தி பேதலித்த ஒருத்திக்கு முழுப்புள்ளி போட்டிருந்தார்.

நல்லம்மாவின் கைக்கு வலை முடிச்சைச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று வேறு யாரையும் அவர் பார்க்கவில்லை. பின்னேரம் பழக்கதோசத்தில் பட்டி கட்டிக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கமலாவதி குசினியிலிருந்து அகப்பையோடு எட்டிப் பார்த்தாள்.

"கமலா, என்ரை பேரென்ன?"

"உங்களுக்கென்ன, அறளை பேந்திட்டுதோ?" அகப்பையால் வாசல் படலையில் தொங்கும் பித்தளைப் பெயர்ப்பலகையைக் காட்டினாள்.

"வாயாலை சொல்லும் பாப்பம்."

"வாயாலையோ! உங்கடை ஆயுளெல்லோ குறையும்? சும்மா இருங்கோ."

அவருடைய ஆராய்ச்சியின்படி கமலாவதியின் மூளையில் அந்த இடம் தாலி ஏறிய அன்றே அழிந்துபோயிருக்க வேண்டும்.

தொலைபேசி அடித்தது.

"இஞ்சாருங்கோ, அடிக்குது. கொழும்பாத்தான் இருக்கும்."

"நீர் எடுத்து நான் இல்லையெண்டு சொல்லும்."

"ஆர் இல்லையெண்டு சொல்லுறது?" என்று சிரித்துக்கொண்டு அவள் குசினிக்குத் திரும்பினாள். சட்டியில் ஏதோ கரிந்துகொண்டிருந்தது.

டொக்டர் எழுந்தார். கை தொலைபேசியை நோக்கிப் போய், பாதிவழியில் திரும்பிக் கழுத்துக்கு வந்தது. முடிச்சை அவிழ்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடியும் கட்டத் தொடங்கினார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது.