பீரோவுக்குப் பின்னால் எண்ணெய்க் கறை

அப்பா இறந்த வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. தலைத்திவசம் முடிந்த கையோடு வில்லாபுரம் வீட்டுக்குப் பெயிண்டரை வரச் சொன்னேன். நடு அறையில் நின்ற பீரோவை அவரும் நானுமாக நகர்த்தினோம். அப்பா போன மறுமாதமே அம்மா அடம்பிடித்து அங்கே வைக்கச் சொன்ன பீரோ அது.

பின்னால் சுவரில் அப்பாவின் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. கப்பலூர் கம்பெனியில் அவருக்கு எப்போதும் இரவு ஷிப்ட். பகலில் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்து டிவி பார்ப்பார். தலையிலோ எண்ணெய் வழியும். அதற்காக அம்மாவிடம் அவர் வாங்காத திட்டில்லை.

"எண்ணெய் ஏறுன எடத்துல பெயிண்ட் நிக்காதுண்ணே. மேலேயே அடிச்சா மஞ்சளாக் கசியும், பெறகு உரிஞ்சுரும். சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சுக் கழுவி, காயவிட்டு, பெறகுதான் பிரைமர்" என்றார் பெயிண்டர்.

அப்பாவின் தலை இருந்த இடத்தைக் கழுவச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போட்டோவாவது எடுத்துக்கொள்ளலாம் என்று குனிந்தபோதுதான் பக்கத்தில் இன்னொரு கறையைப் பார்த்தேன். ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் கீழே, சின்னதாக.

இந்த மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். நானே சுவரோரம் உட்கார்ந்து பார்த்தேன். என் தலை அதற்கு மேலே போனது. தங்கையா? அவள் டிவி பார்ப்பது எப்போதும் கட்டிலில் உட்கார்ந்துதான். நாங்கள் பள்ளிக்கூடம், வேலை என்று போன பிறகு வீட்டில் அப்பாவோடு இருந்தது அம்மா மட்டும்தான். ஆனால் அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே கிடையாது. அவர் டிவி பார்த்தால் இவள் அடுப்படி வாசலில் நிற்பாள். கல்யாண வீடுகளில்கூட ஆளுக்கொரு வரிசை.

"ம்மா, இது யாரு சாஞ்ச எடம்?"

அம்மா வந்து பார்த்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒனக்கு எதுக்குடா இம்புட்டு ஆராய்ச்சி?"

பெயிண்டர் ஸ்பாஞ்சை நனைத்துக்கொண்டு சுவரை நெருங்கினார்.

"இருங்க தம்பி, நீங்க தொடாதீங்க. நானே கழுவிக்கிறேன்."

ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேய்க்கிற சத்தம் கேட்கும் என்று வாசலில் காத்திருந்தோம். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. இன்றைக்கே காய்ந்தாக வேண்டுமே என்று பெயிண்டர் என்னைப் பார்த்தார். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.